இரவல் வண்டியும் உன் அப்பாவின் காலும்

தம்பி,

கார் வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்னமும் காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து, அது நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். நிற்கிறது. கொட்டாம்பட்டிக்கு இந்தப் பக்கம், நம் தெருவில், சொந்தப் பெயரில் கார் நிறுத்திய முதல் வீடு நம் வீடு. ஓட்டத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. டிராக்டர், கல்குவாரி டிப்பர், லோடு ஆட்டோ, பள்ளிக்கூட வேன், அடுத்தவன் கல்யாணத்துக்குப் பூச்சுற்றிய கார் என்று எல்லாவற்றையும் நம் ஆட்கள் ஓட்டியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் நம் பெயர் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. உன் பெயர். அதை நான் நாலு முறை எடுத்துப் படித்துவிட்டேன். உன் அப்பா எத்தனை முறை படித்தார் என்று கேட்காதே, அந்தப் புத்தகத்தை அவரிடமிருந்து பிடுங்கி வைக்க வேண்டியதாகிவிட்டது.

வியாழக்கிழமை உன் சிநேகிதன் பூபதி மேலூரிலிருந்து ஓட்டிவந்து நிறுத்தியபோது நீ பார்த்திருக்க வேண்டும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் பார்த்தது பார்த்ததாகாது. தெருவே வந்துவிட்டது. எதிர்வீட்டு ராக்கம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அடியே, இனிமே நீ முந்தானையச் சொருகிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்ல. ரோட்டுல எங்களப் பாத்தா நிப்பாட்டுவியா, இல்ல கண்ணாடிய ஏத்திட்டுப் போயிருவியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா முன் இருக்கையிலிருந்து, "ஏ.சி. போட்டா கண்ணாடிய ஏத்தித்தான் ஆகணும் ராக்கம்மா, அது கம்பெனிக்காரன் சட்டம்" என்றார். மடங்காத காலை நீட்டுவதற்காக அந்த இருக்கையைப் பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டி எட்டி ஹாரன் அடித்தார். பூபதி, "மாமா, ஹாரன் தேஞ்சிரும்" என்றான். இருபது வருடமாக அந்த மனிதர் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

இவ்வளவு சந்தோஷத்தையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம். சின்னக் கோபம் இல்லை. வீட்டுக்குள் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னைப் போல முதல் கார் வாங்குகிற பிள்ளைகள் நம் பக்கம் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

அடுத்த வாரம் நீ ஜெர்மனிக்குப் போகிறாய். கார் எங்களுக்கு. நான் மதுரை கோரிப்பாளையத்து வக்கீல் ஆபீசுக்கு வாரத்தில் ஆறு நாள் இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறேன், உன் அப்பாவுக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, அதனால் வாங்கினாய். நல்ல மனசு. யார் ஓட்டுவது என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பூபதி இருக்கான்லம்மா. எம் மாப்ள. நீ கூப்புட்டா வந்துரப்போறான். செலவுக்கு ஏதாச்சும் கையில குடு, போதும்." சொல்லிவிட்டு, ஏஜென்ட் அனுப்பிய இன்சூரன்ஸ் படிவத்தை நீ நிரப்பி எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாய். வண்டியை விற்றவர் எடுத்த பழைய பாலிசி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுசு எடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் நீ டிக் அடித்திருந்த கட்டங்களைப் பார்த்ததும், டைப் அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டேன். ஆபீசில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

நீ டிக் அடித்தது இரண்டு. ஒன்று, வண்டி மோதி அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் கொடுக்கிற காப்பீடும் வண்டிக்குச் சேதமானால் கொடுக்கிற காப்பீடும் சேர்ந்தது. இன்னொன்று, உரிமையாளர் ஓட்டும்போது விபத்து நடந்தால் உரிமையாளருக்குக் கிடைப்பது. உரிமையாளர் யார்? நீ. நீ எங்கே இருப்பாய்? ஜெர்மனியில். இந்த வண்டியின் ஸ்டியரிங்கை நீ இன்னும் தொட்டதுகூட இல்லை. உனக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது. தினமும் காலையும் மாலையும் நாலுவழிச் சாலையில் இதை ஓட்டப்போகிற பூபதிக்கு? அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், நீ 'இல்லை' என்று போட்டிருக்கிறாய்.

நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோரும் நினைப்பதுபோல நீயும், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் யார் ஓட்டினாலும் பாதுகாப்பு என்று நினைத்திருப்பாய். பாதி சரி. நீ சம்மதித்து, லைசென்ஸ் உள்ள ஒருவன் ஓட்டினால், அவன் மோதிய ஆளுக்குக் கிடைக்கும். உன் வண்டியையும் சரிசெய்து கொடுப்பார்கள். ஆனால் ஓட்டியவனுக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. வேறு வண்டி வந்து மோதினால் அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் அவன் கேட்கலாம். அவனே மரத்தில், பாலத்தில், மாட்டில் மோதினால்? இரவல் வாங்கி ஓட்டுகிறவன் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறான் என்கிறது சட்டம். உரிமையாளர் தன் வண்டியிடமே இழப்பீடு கேட்க முடியாதாம், அதனால் இவனும் கேட்க முடியாது. உரிமையாளருக்கு என்று எடுத்த விபத்துக் காப்பீடாவது வருமா என்றால், அது பாலிசியில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அதாவது, உரிமையாளரின் இடத்தில் நிற்கச் சொல்வார்கள், உரிமையாளருக்குக் கிடைப்பதைத் தரமாட்டார்கள். இந்த அநியாயத்தை நான் மனுவாகவும் பதில் மனுவாகவும் எத்தனை முறை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் விரல் கொதிக்கும்.

இது எனக்கு ஆபீசில் சேர்ந்த பிறகு தெரிந்த விஷயம் இல்லை. இது தெரிய வந்ததால்தான் அந்த ஆபீசில் சேர்ந்தேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பாவின் கால் போனதற்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினாய், கார்ப்பரேட் கொள்ளை என்று. யாரும் ஏமாற்றவில்லை, தம்பி. நான்தான் கெடுத்தேன். ஒரே ஒரு வாக்கியத்தில்.

அப்போது உனக்கு நாலு வயது. உன் அப்பா செல்வத்தின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். செல்வத்தை உனக்குத் தெரியும், கண்மாய்க்கு அந்தப் பக்கத்து வீடு, இன்றைக்கும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி விசாரிக்கிறவர். அவருடைய வயலில்தான் என் அம்மாவும் உன் அப்பாவின் அம்மாவும் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள். ஆனால் செல்வமும் உன் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. செல்வம் உன் அப்பாவை "மாப்ள" என்று கூப்பிடுவார். அந்த வீட்டுப் பெரியவர் "டேய்" என்று கூப்பிட்ட ஆளை, அவர் மகன் நடுத்தெருவில் "மாப்ள" என்று கூப்பிட்டான். அந்தச் சொல் உன் அப்பாவுக்கு என்னவாக இருந்தது என்று உனக்கு விளங்க வேண்டும் என்றால், அதற்கு முந்தைய நூறு வருடம் விளங்க வேண்டும். செல்வம் கூப்பிட்டால் பாதிச் சோற்றில் எழுந்து போவார். மாட்டுத்தாவணிக்கு ஆளை இறக்கிவிட, சந்தைக்குப் போக, செல்வத்தின் அக்காவை மேலூரிலிருந்து கூட்டிவர, எல்லாவற்றுக்கும் இவர்தான். மாதக் கடைசியில் செல்வம் சட்டைப்பையில் கொஞ்சம் திணிப்பார். "செலவுக்கு வச்சுக்க மாப்ள." இரண்டு பேரும் அதைச் சம்பளம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கும் அக்காவைக் கூட்டிவரத்தான் போனார். நெடுஞ்சாலையில் ஆடு குறுக்கே வந்தது. ஒடித்தார். வண்டி பாலத்துக் கட்டைச் சுவரில் ஏறியது. வேறு வண்டி ஒன்றும் சம்பந்தமில்லை. மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் நின்றேன். முழங்கால் நொறுங்கி, நினைவு திரும்பாமல் அவர் உள்ளே கிடந்தார். செல்வம் என் பக்கத்தில் நின்றார். போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, "ஏம்மா, வண்டி இவங்களுதுன்னு சொல்றாங்க. உம் புருசன் இவங்ககிட்டச் சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவரா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எழுத வேண்டியதை எழுதக் கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள், டைப்ரைட்டிங் பாஸானவள் என்ற திமிர் உண்டு. உன் புருஷன் அவர்களிடம் வேலைக்காரனா என்று நாலு பேர் முன்னால் கேட்டதுபோல இருந்தது எனக்கு. என் அம்மாவைக் கேட்டார்கள், என் மாமியாரைக் கேட்டார்கள், இப்போது என்னையுமா என்று சுருக்கென்றது. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "எங்க வீட்டுக்காரரு யாருக்கும் டிரைவர் இல்லீங்க. இவுக சிநேகிதம். கேட்டு வாங்கிட்டுப் போனாரு." போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன், தெளிவான கையெழுத்து. செல்வத்தின் முகம் தளர்ந்தது. சிநேகிதம் என்று நான் சொன்னதைக் கேட்டு நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன் பார்.

செல்வம் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சும்மா நின்றார், அவ்வளவுதான். ஆரஞ்சுப் பழமும் சத்துமாவு டப்பாவும் வாங்கிவந்தார். ஆறு மாதம் கழித்து ஒரு வக்கீலிடம் போனோம். அவர் எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "இப்படிச் சொல்லச் சொல்லி ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "சம்பளத்துக்கு ஓட்டுனாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேலை பாக்கும்போது அடிபட்ட தொழிலாளின்னு அந்த வண்டி இன்சூரன்ஸுலயே கேட்டிருக்கலாம். இப்ப நீயே அவர இரவல்காரரா ஆக்கிட்டியே" என்றார். வழக்குப் போட்டோம். நான் சொன்னதையே எனக்கு எதிராகப் படித்துக் காட்டினார்கள். சம்பளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடச் சாட்சி இல்லை. செல்வத்தின் கார் பட்டறைக்குப் போய், இன்சூரன்ஸில் புதுசு மாதிரி திரும்பி வந்தது. தகரத்துக்கு வழி இருந்தது, ஓட்டியவன் காலுக்கு இல்லை. நம் வாசல் வழியாக அந்த வண்டி போகும்போதெல்லாம் உன் அப்பா தலையைத் திருப்பிக்கொள்ளமாட்டார், வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டு "என்ஜின் நல்லா இருக்கு" என்பார். எனக்குக் கல்லை எடுத்து எறியலாம் போலிருக்கும்.

அந்த வக்கீல்தான், உனக்கு டைப்பிங் தெரியுமா என்று கேட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அடித்தவை எல்லாம் இந்தக் கதைகளே. மச்சினன் பைக்கை வாங்கிக்கொண்டு மருந்து வாங்கப் போனவன். முதலாளி மகளை ரயிலேற்றிவிடக் காரை எடுத்துப் போனவன், "அவன் தானாக எடுத்துக்கொண்டு போனான்" என்று எழுதிக்கொடுத்த முதலாளி. காது குத்துக்குப் போக வெள்ளை போர்டு காரைக் கொடுத்து வாடகை வாங்கியவன். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு விட்டான் என்று அவனுக்கு வண்டிச் சேதத்துக்கும் கைவிரித்தார்கள். இந்தக் கடைசிக்காரனை மறந்துவிடாதே. நம் தெருவில் முதல் கார் என்றால் அது தெருவுக்கே கார். ஆஸ்பத்திரிக்கும் சடங்கு வீட்டுக்கும் கேட்பார்கள். அவசரத்துக்கு நான் கொடுப்பேன், கொடுக்காமல் என்ன மனுஷி நான். ஆனால் வாடகை வாங்கமாட்டேன். லைசென்ஸைக் கண்ணால் பார்க்காமல் யாரிடமும் சாவி தரமாட்டேன். "எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்குவார்கள். தூக்கட்டும்.

இனி பூபதி கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒரு தப்புச் செய்தேன். எல்லாம் தெரிந்தவள், அவனுக்கு ஒரு காப்பீடும் இல்லை என்று தெரிந்தும், ஆசையில், ஒரே ஒரு நாள் என்று ஆபீசுக்குக் காரில் போனேன். உன் அப்பாவும் கூட வந்தார். பூபதி நன்றாக ஓட்டுகிறான், அதில் குறை சொல்ல முடியாது. கோரிப்பாளையம் சிக்னலில் எல்லாப் பக்கமும் வண்டி அடைத்து, ஷேர் ஆட்டோ ஒன்று மூக்கை நுழைத்தபோது, உன் அப்பா கண்ணாடியை இறக்கி, "ஏப்பா, புது வண்டிப்பா, கொஞ்சம் மரியாதையாப் பாத்து வா" என்றார். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "புதுசா? பழைய நம்பராவுல இருக்கு அண்ணே" என்றார். "எங்களுக்குப் புதுசுய்யா" என்றார் உன் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எனக்குச் சொல்ல வந்தது. பூபதியிடம் சொன்னேன், "டேய், நீ மாசச் சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவருன்னு பாலிசியில போடச் சொல்லப்போறேன். சம்பளமும் ஒன் பேங்குல விழணும்."

அவன் காது சிவந்தது கண்ணாடியில் தெரிந்தது. "என்ன அத்தெ இப்புடிச் சொல்லிட்டீங்க? நான் என்ன ஒங்களுக்கு டிரைவரா? அவன் எம் மாப்ள. ஒண்ணாப் படிச்சோம், ஒரே தட்டுல தின்னோம். ஒங்களுக்கு ஓட்டுறதுக்குச் சம்பளம் வாங்குனேன்னா தெருவுல என்னய என்னன்னு பேசுவாய்ங்க?" என்றான். தம்பி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு அது. அதே ரோஷம். அப்போது செல்வம் நின்ற இடத்தில் இப்போது நீ நிற்கிறாய், அதுவும் சும்மா நிற்கிறாய். அதனால் அந்த இடத்திலேயே, சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, ஆஸ்பத்திரியில் நான் சொன்னதையும் கையெழுத்துப் போட்டதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சொல்லி முடித்ததும்தான் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடமாக அவரிடமும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எஃப்.ஐ.ஆர். காப்பிய நான் படிக்கலைன்னா நெனச்சே? வக்கீல் மேசையில கெடந்துச்சு. படிச்சேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தகூடக் கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? நீ அப்புடிச் சொன்னேன்னு படிச்சப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு."

அழுதேனா என்று கேட்காதே. கோபம்தான் வந்தது. கால் போய்க் கிடந்த மனிதனுக்கு அந்த வாக்கியம் பெருமையாக இருந்திருக்கிறது! தலைமுறை தலைமுறையாக ஒருவனைக் கூலி என்று சொல்லிச் சொல்லிக் கூசவைத்தால், கடைசியில் அவன் தன் கூலியைக் கூலி என்று கேட்கவே கூசுவான். கேட்காமல் விட்ட கூலி யார் பையில் தங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிநேகிதம் என்ற பேரில் நடந்த அந்த வேலையில் செல்வத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நமக்கு ஒரு கால் நஷ்டம். அதனால்தான் சொல்கிறேன், பூபதி உன் மாப்ளையாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆயுசுக்கும் இருங்கள். ஆனால் தினமும் உன் வண்டியில் உன் அம்மாவை ஏற்றி இறக்குவது வேலை. அதைச் செய்கிறவன் தொழிலாளி. இரண்டையும் சேர்த்துக் குழப்புவது எப்போதும் வண்டியின் சொந்தக்காரனுக்குத்தான் வசதி. இப்போது அந்தச் சொந்தக்காரன் நீ.

அன்றைக்கு மாலை ஊர் வந்து சேர்ந்ததும் பூபதி சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. நீ போன் செய்து, "ஏம்மா, அவன் ரொம்ப வருத்தப்படுறான். எதுக்கு இதை இம்புட்டுப் பெருசாக்குறே? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாய். விபத்து அடுத்த வருடம்வரை காத்திருக்கும் என்று உனக்கு யார் சொன்னது? நீ மேலும் ஒன்று சொன்னாய், "டிரைவர் வச்சிருக்கோம்னு போட்டா, நாம என்னமோ பெரிய ஆளுங்க மாதிரில்ல இருக்கும்" என்று. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வைத்துக்கொண்டு இல்லை என்று எழுதுவதுதான் வெட்கம்.

இன்று காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கார் வாசலில் நிற்க பஸ்ஸுக்குப் போகிறவளை ராக்கம்மா பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூபதி வந்தான். வந்து, வண்டியைப் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நின்றான். அவன் மனைவி பவானிக்கு இது ஆறாவது மாதம், உனக்குத் தெரியும். நான் காரில் சொன்ன கதையை அவன் வீட்டில் போய், அத்தை என்னை இப்படி அவமானப்படுத்திவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். அதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "'நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா, போலீஸ்காரரு வந்து நிப்பாரு. நான் அவருகிட்ட என்னன்னு சொல்லட்டும்? நீயே சொல்லிக் குடுத்துட்டுப் போ'ன்னு கேக்குறா அத்தெ. ரெண்டு நாளா யோசிக்கிறேன். பதில் வரல."

எதையாவது சொல்லி அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருந்தது. அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி அத்தெ. போடச் சொல்லுங்க. ஆனா ஒரு கண்டிசன்" என்றான்.

"என்னடா?"

"ஞாயித்துக்கெழம வரமாட்டேன். லீவு."

"இத்தன நாளு ஞாயித்துக்கெழம எங்க கூப்புட்டாலும் வருவியேடா?"

"அது சிநேகிதம் அத்தெ. சிநேகிதத்துக்குத்தான் லீவு கெடையாது. டிரைவருக்கு உண்டுல்ல?"

உள்ளேயிருந்து உன் அப்பா வெடித்துச் சிரித்தார். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன், ஆபீசுக்குத் தாமதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் அப்பா செல்வத்திடம் ஒரு நாள் லீவு கேட்டிருந்தால்கூடப் போதும், அந்தப் போலீஸ்காரரிடம் எனக்கு வேறு பதில் இருந்திருக்கும். அவர் கேட்கவே இல்லை. இவன் கேட்டுவிட்டான். நம் தெருவில் ஒருவன், தன் சிநேகிதன் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டான்.

ஆகவே, தம்பி, இதைப் படித்ததும் ஏஜென்டைக் கூப்பிடு. சம்பள டிரைவர் உண்டு என்று மாற்றிப் போடு. டிரைவருக்கான பொறுப்பு (அவனுக்கு அடிபட்டால் நீ கொடுக்க வேண்டியதைக் கம்பெனி கொடுப்பது), டிரைவருக்கான விபத்துக் காப்பீடு, வண்டியில் உட்காருகிறவர்களுக்கானது, மூன்றையும் சேர்க்கச் சொல். டிரைவர் பொறுப்புக்கு அவர்கள் வாங்குவது ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட இராது. அதைக் கேட்டு வாங்காததால் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். பாலிசி வந்ததும் கட்டம் கட்டமாகப் படித்துப் பார். பூபதிக்கு வேலையில் சேர்ந்ததற்கு ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அதில் 'மாப்ள' என்று எழுதாதே, முழுப் பெயரை எழுது. பிறகு அவனைப் போனில் கூப்பிடு. "நமக்குள்ள என்னடா" என்று ஆரம்பித்தாயானால் நான் மறுபடியும் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்று சொல். அதை முதலில் சொல், மற்றதெல்லாம் பிறகு. அதுவரை சாவி என்னிடம்தான் இருக்கும்.

அம்மா